பால்மிட்டேட்டும் பீட்டா செல்லும்: கால்சியம் ஏறுகிறதா, வடிகிறதா?

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் கொழுப்பு அமிலம் கால்சியத்தை ஏற்றுமா, இறக்குமா என்று கேட்டால், இரண்டுக்கும் ஆதாரமாகக் கட்டுரைகளைக் கட்டுக்கட்டாக எடுத்துப் போடலாம். எந்தத் தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பத்தாவது நிமிடத்தில் பார்த்தார், மற்றவர் மூன்று நாள் கழித்துப் பார்த்தார். ஒருவர் சைட்டோபிளாசத்தில் அளந்தார், மற்றவர் எண்டோபிளாச வலை என்ற உள்கிடங்குக்குள் அளந்தார். இருவருமே "0.5 மில்லிமோலார் பால்மிட்டேட்" (பால்மிட்டேட் ஒரு நிறைவுற்ற கொழுப்பு அமிலம்) என்றுதான் எழுதினார்கள், ஆனால் அவர்களுடைய செல்கள் உண்மையில் கண்ட பால்மிட்டேட் ஒரே அளவல்ல. அதிகம் பேர் கோட்டை விடுவது இந்த மூன்றாவதில்தான். அந்த அளவைத் தீர்மானிப்பது கொழுப்பு அமிலத்தைப் பிடித்து வைக்கும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம், அதனால் இந்தப் பதிவில் ஒரு பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும். ஃபியூரா-2 என்ற ஒளிரும் சாயம் போட்டுக் கால்சியத்தை அளக்கப் போகிறவர்கள், அளந்துவிட்டு முடிவு புரியாமல் விழிப்பவர்கள், இருவருக்கும் உதவும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளுக்கோஸ் செல்லுக்குள் வருகிறது. குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து எரிப்புக்கு அனுப்புகிறது, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி உயர்கிறது. ஏடிபி உயர்ந்தால் மூடிக்கொள்ளும் பொட்டாசியம் சேனல் (கேஏடிபி சேனல்) மூடுகிறது. மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் இருந்த சவ்வு மின்னழுத்தம் மேலே வருகிறது, எல்-வகைக் கால்சியம் சேனல்கள் திறக்கின்றன. வெளியே கால்சியம் மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது. உள்ளே ஓய்வில் 50 முதல் 100 நானோமோலார்தான். திறந்த மாத்திரத்தில் அது உள்ளே பாய்ந்து, செல் முழுவதற்குமான சராசரி சில நூறு நானோமோலாருக்கு ஏறுகிறது. சேனல் வாயை ஒட்டிய நுண்ணிடத்தில் மட்டும் பத்து மைக்ரோமோலாரையும் தாண்டும். இன்சுலின் துகள் வெடித்து இன்சுலினை வெளியே கொட்டுவது அந்த நுண்ணிடத்துக் கால்சியத்தை நம்பித்தான், சராசரியை நம்பி அல்ல. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு கால்சியக் கிடங்கு எண்டோபிளாச வலை. அங்கே சில நூறு மைக்ரோமோலார் இருக்கிறது. செர்கா என்ற பம்ப் ஏடிபியைச் செலவழித்து உள்ளே ஏற்றுகிறது. ஐபி3 என்ற தூது மூலக்கூறு ஒட்டும் ஏற்பி திறந்தால் வெளியே வருகிறது. கசிவு எப்போதும் உண்டு. கிடங்கு நிறைந்திருப்பதென்றால் பம்ப் கசிவை விட வேகமாக ஓடுகிறது என்று பொருள்.

முதல் பத்து நிமிடம்

யாருக்கு உரியது என்று தெரியாமல் கிடந்த ஜிபிஆர்40 என்ற ஏற்பிக்கு நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள்தான் சாவி என்று 2003-இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் தனித்தனியே காட்டின. இன்றைய பெயர் எஃப்எஃப்ஏஆர்1. பீட்டா செல்லில் இது மிகுதியாக இருக்கிறது. கொழுப்பு அமிலம் ஒட்டியதும் ஜிக்யூ புரதம், அதன் வழியே பாஸ்போலைப்பேஸ் சி என்ற நொதி, அதிலிருந்து ஐபி3-யும் டைஅசைல்கிளிசராலும். ஐபி3 கிடங்கைத் திறக்கிறது. டைஅசைல்கிளிசரால் புரத கைனேஸ்களை எழுப்புவதோடு, டிஆர்பிசி3 போன்ற சவ்வுச் சேனல்களையும் தட்டுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது குளுக்கோஸ். 3 மில்லிமோலார் குளுக்கோஸில் ஓலியேட் (நிறைவுறாத கொழுப்பு அமிலம்) கொடுத்தால் சின்னதாக ஒரு கால்சிய முள் வரலாம், வராமலும் போகலாம். இன்சுலின் அநேகமாக நகராது. அதே ஓலியேட்டை 8 அல்லது 11 மில்லிமோலாரில் கொடுத்தால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கால்சிய அலை உயரமாகிறது, சுரப்பு நன்றாகக் கூடுகிறது. காரணம் இரண்டு. குளுக்கோஸ் கொடுத்த ஏடிபியால்தான் செர்கா கிடங்கை நிரப்பி வைத்திருக்கிறது, நிரம்பாத கிடங்கைத் திறந்து பயனில்லை. மேலும், மின்னழுத்தம் ஏற்கனவே வாசலுக்கு அருகில் வந்திருந்தால்தான் ஏற்பி தரும் சிறு தள்ளல் எல்-வகைச் சேனலைத் திறக்கும். அதனால்தான் எல்-வகைச் சேனலை அடைக்கும் நிஃபெடிபின் போட்டாலும் இந்தக் கால்சிய உயர்வில் பெரும்பங்கு அடங்கிவிடுகிறது. ஐபி3 ஒன்றுதான் காரணம் என்றால் அப்படி நடக்காது.

இந்தக் குளுக்கோஸ் சார்புதான் மருந்து நிறுவனங்களை இழுத்தது. சர்க்கரை குறைவாக இருக்கும்போது வேலை செய்யாத இன்சுலின் ஊக்கி என்றால் தாழ்சர்க்கரை அபாயம் குறைவு. ஜிபிஆர்40-ஐத் தூண்டும் டாகேடா நிறுவனத்தின் ஃபாசிகிளிஃபாம், 2012-இல் வெளிவந்த இரண்டாம் கட்டச் சோதனையில் கிளிமெபிரைடு என்ற பழைய நீரிழிவு மருந்துக்கு இணையாகச் சர்க்கரையைக் குறைத்தது, தாழ்சர்க்கரை மிகக் குறைவு. 2013 டிசம்பரில் கல்லீரல் பாதிப்புக் காரணமாக மூன்றாம் கட்டத்தில் கைவிடப்பட்டது. வில்லங்கம் வந்தது கல்லீரல் வழியாகத்தான். பீட்டா செல்லில் ஏற்பி எதிர்பார்த்த வேலையைச் செய்தது.

ஏற்பி மட்டுமே கதை அல்ல. ஜிபிஆர்40 நீக்கிய சுண்டெலியின் கணையத் தீவுகளில் (பீட்டா செல்கள் கூடியிருக்கும் திட்டுகளில்) கொழுப்பு அமிலத்தால் வரும் கூடுதல் சுரப்பு ஏறக்குறைய பாதியாகத்தான் குறைகிறது. மீதிப் பாதி செல்லுக்குள் நடப்பது. குளுக்கோஸ் மிகுந்திருக்கும்போது மலோனில்-கோஏ உருவாகி, சிபிடி1 என்ற வாசலை அடைத்து, கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவதைத் தடுக்கிறது. வெளியே தேங்கும் நீண்ட சங்கிலி அசைல்-கோஏ கிளிசரைடாகச் சேர்ந்தும் பிரிந்தும் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் பிறக்கும் மோனோஅசைல்கிளிசரால் துகள் வெடிக்கும் இயந்திரத்தையே நேரடியாகத் தூண்டுகிறது, கால்சியத்தைக் கூட்டாமலே. பால்மிட்டேட் எல்-வகைக் கால்சியம் மின்னோட்டத்தைக் கூட்டுவதாகவும் சுண்டெலி பீட்டா செல்லில் அளந்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே அசைல்-கோஏ கேஏடிபி சேனலைத் திறந்து வைக்கவும் செய்கிறது. அதாவது மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கிறது. ஒரே மூலக்கூறு ஒரு கையால் தள்ளி மறு கையால் பிடித்து இழுக்கிறது. குறுகிய நேரத்தில் தள்ளும் கை ஜெயிக்கிறது. நாள் கணக்கில் போனால் இழுக்கும் கைக்கும் பலம் கூடுகிறது.

உடலில் இந்தத் தள்ளல் வெறும் அலங்காரம் அல்ல. 18 முதல் 24 மணி நேரம் பட்டினி போட்ட எலியில் நிகோட்டினிக் அமிலத்தால் ரத்தத்தின் கொழுப்பு அமிலத்தை இறக்கிவிட்டால், குளுக்கோஸ் கொடுத்தும் இன்சுலின் சரியாக வருவதில்லை. கொழுப்பு அமிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் வருகிறது. கொழுப்பு அமிலம் என்றாலே நஞ்சு என்று தொடங்கும் அறிமுகப் பத்திகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பரிசோதனைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள்

24 மணி நேரத்தைத் தாண்டும்போது பால்மிட்டேட்டும் ஓலியேட்டும் வழி பிரிகின்றன. இரண்டும் ஜிபிஆர்40-ஐத் தட்டுபவைதான். அதனால் வேறுபாடு ஏற்பியில் இல்லை, உள்ளே என்ன ஆகின்றன என்பதில் இருக்கிறது. ஓலியேட் சுலபமாக டிரைகிளிசரைடாகிக் கொழுப்புத் துளியில் ஒதுங்குகிறது. பால்மிட்டேட் அப்படி ஒதுங்குவதில் சுணங்குகிறது. செராமைடு என்ற கொழுப்புப் பொருளின் பக்கமும் எண்டோபிளாச வலையின் சவ்வுப் பாஸ்போலிப்பிடு பக்கமும் போகிறது. நிறைவுற்ற வால்கள் மிகுந்தால் சவ்வு இறுகுகிறது. செர்கா அந்தச் சவ்வில் புதைந்து, வளைந்து நெளிந்து வேலை செய்ய வேண்டிய பம்ப். சவ்வு இறுகினால் பம்ப் தளர்கிறது, கசிவு முந்துகிறது, கிடங்கு வடிகிறது. பால்மிட்டேட்டை ஓலியேட்டாக்கும் பாதையில் உள்ள எஸ்சிடி1 நொதி மிகுந்த செல்கள் தாக்குப்பிடிப்பதும், பால்மிட்டேட்டோடு கொஞ்சம் ஓலியேட் கலந்தாலே பாதிப்பு பெருமளவு குறைவதும் இதோடு பொருந்துகின்றன.

கிடங்கு வடிந்தால் முதலில் அடிபடுவது அதே வலைக்குள் நடக்கும் புரத மடிப்பு. தூண்டப்பட்ட பீட்டா செல் நிமிடத்துக்குப் பத்து லட்சம் புரோஇன்சுலின் மூலக்கூறுகள் வரை செய்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றை மடிக்கும் துணைப் புரதங்களில் கால்ரெட்டிகுலின், கால்நெக்சின், பிப் எல்லாம் கால்சியத்தை நம்பியவை. மடியாத புரதம் தேங்க, பெர்க், ஐஆர்இ1 என்ற அபாய உணரிகள் எழும்புகின்றன. அடுத்து ஏடிஎஃப்4, பின்னால் செல் சாவுக்குத் தள்ளும் சாப். பெர்க் சவ்வின் இறுக்கத்தை நேரடியாகவே உணர வல்லது என்பதால், "கால்சியம் வடிந்ததால் பெர்க்" என்று ஒரே கோட்டில் வரைவது எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்து ஒன்றையொன்று ஊட்டுகின்றன என்பதே தரவுகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

சைட்டோபிளாசக் கால்சியத்திலோ ஓய்வு மட்டம் சற்று உயர்ந்தும், குளுக்கோஸுக்கான எழுச்சி மந்தமாகவும், அலைகள் ஒழுங்கிழந்தும் காணப்படும். நிஃபெடிபினோ, கேஏடிபி சேனலைத் திறந்து வைக்கும் டயாசாக்சைடோ சேர்த்துக் கால்சிய வரவைத் தடுத்தால் பால்மிட்டேட்டால் நேரும் செல் சாவு குறைகிறது. ஒரே செல்லில் ஒரு பக்கம் கால்சியம் மிகை, இன்னொரு பக்கம் பற்றாக்குறை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஆக்ஸ்ஃபோர்டின் ரோர்ஸ்மன் குழு 2009-இல் காட்டியது. நீண்ட நேரம் பால்மிட்டேட்டில் இருந்த சுண்டெலி பீட்டா செல்களில் மொத்தக் கால்சிய மின்னோட்டம் குறையவில்லை. ஆனால் சேனல்கள் இன்சுலின் துகள்களின் அருகிலிருந்து விலகிவிட்டன. கால்சியம் ஓரிடத்தில் குவியாமல் பரவலாக வருகிறது. அதனால் இயல்பான குறுகிய மின்துடிப்பு அளவு தூண்டினால் துகள் வெடிப்பதில்லை, நீண்ட நேரம் தூண்டினால் வெடிக்கிறது. இங்கே ஃபியூரா-2 போட்டுச் சராசரியை அளந்தவர் "கால்சியம் சரியாகத்தான் இருக்கிறது, குறை வேறெங்கோ" என்று எழுதிவிடுவார். குறை கால்சியத்தில்தான், ஆனால் அது எவ்வளவு வருகிறது என்பதில் அல்ல, எங்கே வருகிறது என்பதில்.

ஆல்புமின் கணக்கு

இனி மேசைக்கு வருவோம். ஆல்புமினின் மூலக்கூறு எடை 66,500 என்று வைத்துக்கொண்டால் 1 சதவீத ஆல்புமின் என்பது 0.15 மில்லிமோலார். 0.5 மில்லிமோலார் பால்மிட்டேட்டை 2 சதவீத ஆல்புமினில் கொடுத்தால் விகிதம் (ஓர் ஆல்புமினுக்கு எத்தனை பால்மிட்டேட்) 1.7. அதையே 0.5 சதவீதத்தில் கொடுத்தால் 6.7. இரண்டு கட்டுரைகளிலும் தலைப்பில் ஒரே எண்தான் இருக்கும். செல்லைத் தொடுவது ஆல்புமினில் ஒட்டாத பகுதி மட்டுமே. விகிதம் ஏற ஏற அது நேர்கோட்டில் ஏறாது, செங்குத்தாக ஏறும். வலுவாகப் பிடிக்கும் இடங்கள் முதலில் நிரம்பிவிடுகின்றன, மிச்சம் தளர்வாகத்தான் ஒட்டுகிறது. மனித ரத்தத்தில் வெறும் வயிற்றில் கொழுப்பு அமிலம் 0.3 முதல் 0.6 மில்லிமோலார், ஆல்புமின் 0.5 முதல் 0.75 மில்லிமோலார். விகிதம் ஒன்றை ஒட்டியோ அதற்குக் கீழேயோ. ஒட்டாத பகுதி பத்து நானோமோலாருக்குள். ஆகவே 6.7 விகிதத்தில் மூன்று நாள் வைத்துவிட்டு "0.5 என்பது உடலில் காணும் அளவுதான்" என்று எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு சொல்வது.

நான் பரிந்துரைக்கும் ஸ்டாக் (முன்கூட்டித் தயாரித்து வைக்கும் அடர்கரைசல்): 5 மில்லிமோலார் பால்மிட்டேட், 0.85 மில்லிமோலார் ஆல்புமின், விகிதம் 5.9, மொத்தம் 10 மில்லிலிட்டர். கொழுப்பு அமிலம் நீக்கிய மாட்டு ஆல்புமின் 565 மில்லிகிராமை 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் 9 மில்லிலிட்டராகக் கரைத்து 37 டிகிரியில் வையுங்கள். குலுக்காதீர்கள், நுரை வந்தால் ஆல்புமின் கெடும். தூவிவிட்டுத் தானாகக் கரைய விடுங்கள். சோடியம் பால்மிட்டேட் (மூலக்கூறு எடை 278.4) 13.9 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் தண்ணீரில், கண்ணாடிக் குழாயில், 70 டிகிரியில் சூடாக்குங்கள். தெளியவில்லை என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு ஓரிரு மைக்ரோலிட்டர். கண்ணாடி போல் தெளிந்ததும், சூடு ஆறும் முன், சுழன்றுகொண்டிருக்கும் ஆல்புமினுக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிப்பெட் முனையும் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த முனையில் பால்மிட்டேட் வெள்ளையாக உறைந்து நின்றுவிட்டால் 5 மில்லிமோலார் என்பது எழுத்தில் மட்டும்தான் இருக்கும். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் சுழல விட்டு, பிஎச் 7.4-க்குத் திருத்தி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். வடித்த பிறகு கொழுப்பு அமிலக் கிட்டால் ஒருமுறை அளந்துவிடுங்கள். வடிகட்டியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிப் போனது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

ஆல்புமினைச் செல்களை அளக்கும்போது பயன்படும் கிரெப்ஸ் பஃபரில் கரைக்காமல் வெறும் உப்புக் கரைசலில் கரைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிரெப்ஸில் 2.5 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது. கால்சியம் பால்மிட்டேட் தண்ணீரில் கரையாது. கால்சியம் மிகுந்த கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து வெள்ளைப் படலமாகிறதே, அங்கே நடப்பதும் இதே வேதிவினைதான். ஆல்புமின் பிடிக்காத பால்மிட்டேட்டைக் கிரெப்ஸில் விட்டால் பால் போல் கலங்கும். கலங்கல் வெளிச்சத்தைச் சிதறடித்து ஃபியூரா-2 அளவீட்டைக் கெடுக்கும், கூடவே வெளிக் கால்சியத்தையும் கொஞ்சம் விழுங்கும். கலந்த கரைசலைக் கறுப்புப் பின்னணியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை இழையாக மின்னினால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் மலிவு.

ஸ்டாக்கில் விகிதம் 5.9 என்றால் தட்டிலும் அதுவே என்று எண்ண வேண்டாம். பத்தில் ஒன்றாக மீடியத்தில் கலந்தால் 0.5 மில்லிமோலார் பால்மிட்டேட், 0.085 மில்லிமோலார் ஆல்புமின். மீடியத்தில் 10 சதவீதக் கன்றுச் சீரம் இருந்தால் அதிலும் ஆல்புமின் உண்டு. சீரத்தில் லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் என்று கொண்டால் தட்டில் இன்னொரு 0.035 மில்லிமோலார். விகிதம் 4.2-க்கு இறங்குகிறது. சீரத்தை 1 சதவீதமாக்கிய அடுத்த ஆய்வகத்தில் அது 5.6. ஒரே ஸ்டாக், ஒரே அளவு, அங்கே செல் சாகிறது, இங்கே சாகவில்லை.

உடனடி விளைவு பார்க்கும்போதும் இதே பொறிதான். கிரெப்ஸில் பழக்க தோஷத்தால் 0.1 சதவீத ஆல்புமின் போடுவோம், அது 0.015 மில்லிமோலார். ஸ்டாக்கை ஐம்பதில் ஒன்றாகக் கலந்தால் 0.1 மில்லிமோலார் பால்மிட்டேட்டோடு மொத்த ஆல்புமின் 0.032. விகிதம் 3.1. ஆல்புமின் இல்லாமல் அளந்தால் ஜிபிஆர்40 சில மைக்ரோமோலார் கொழுப்பு அமிலத்துக்கே பதில் சொல்கிறது. ஆல்புமின் சேர்ந்ததும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். "பால்மிட்டேட் உடனடியாக எதுவும் செய்யவில்லை" என்ற முடிவுக்கு முன் அந்த 0.1 சதவீதத்தை எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

கன்ட்ரோல் தட்டுக்கு அதே அளவு ஆல்புமின், அதே உப்பு, அதே பிஎச். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கொழுப்பு நீக்கிய வெறும் ஆல்புமின் நடுநிலையானது அல்ல. அது செல்லிலிருந்து கொழுப்பு அமிலத்தை உறிஞ்சும். முடிந்தால் எதுவுமே சேர்க்காத மூன்றாவது தட்டும், ஓலியேட் போட்ட நான்காவது தட்டும் வையுங்கள். ஓலியேட் தட்டு இல்லாமல் பால்மிட்டேட்டின் தனிப்பட்ட விளைவு என்று எதையும் சொல்ல முடியாது.

மீடியத்தின் குளுக்கோஸையும் எழுதி வையுங்கள். வழக்கமான ஆர்பிஎம்ஐ-யில் 11.1 மில்லிமோலார், மின்6 என்ற பீட்டா செல் வகைக்குப் போடும் மீடியத்தில் 25 வரை. 5 மில்லிமோலாரில் தாங்கிக்கொள்ளும் செல் 20-இல் அதே பால்மிட்டேட்டுக்குச் சாகும். மேலே சொன்ன மலோனில்-கோஏ எரிப்பை அடைத்து, பால்மிட்டேட்டைச் செராமைடு பக்கம் திருப்பிவிடுவதால்.

அளக்கும்போது

ஃபியூரா-2-வை ஏஎம் எஸ்டராக 2 முதல் 5 மைக்ரோமோலார், புளூரானிக் 0.02 சதவீதத்தோடு, 30 நிமிடம் ஏற்றி, பிறகு எஸ்டர் முழுக்க அறுபட 20 நிமிடம் வெறும் பஃபரில் விடுங்கள். 340, 380 நானோமீட்டரில் தூண்டி 510-இல் வாங்குங்கள். 340-இல் தூண்டினால் செல்லின் என்ஏடிஎச்-உம் ஒளிரும், குளுக்கோஸ் கொடுத்ததும் அது கூடும். சாயம் ஏற்றாத செல்லில் பின்னணியை அளந்து கழிக்காவிட்டால் சிறு உயர்வுகள் எல்லாம் கால்சியமாகத் தெரியும். சாயம் உறுப்பிகளுக்குள்ளும் புகுந்துவிடும். 37 டிகிரியில் நீண்ட நேரம் ஏற்றினால் இது மோசமாகும், அறை வெப்பம் நல்லது. கடைசியில் டிஜிட்டோனின் 20 மைக்ரோமோலார் விட்டு வெளிச்சவ்வை மட்டும் திறந்தால் எஞ்சி நிற்கும் ஒளி உறுப்பிகளுக்குள் மாட்டியது. அது பெரும்பங்கு என்றால் அன்றைய தரவை நம்பாதீர்கள்.

நானோமோலாரில் எண் வேண்டும் என்றால் 1985-இன் கிரின்கிவிச் சமன்பாடு. 37 டிகிரிக்கு ஃபியூரா-2-இன் பிணைப்பு மாறிலி 224 நானோமோலார். குறைந்தபட்ச விகிதத்துக்குச் சவ்வில் கால்சியத்துக்கு வழி திறக்கும் அயனோமைசினும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ-வும், அதிகபட்சத்துக்கு அயனோமைசினும் 10 மில்லிமோலார் கால்சியமும். பால்மிட்டேட் தட்டுக்கும் கன்ட்ரோல் தட்டுக்கும் இதைத் தனித்தனியே செய்யுங்கள். ஒன்றின் அளவுகோலை மற்றதற்கு இரவல் வாங்காதீர்கள்.

கிடங்கைச் சோதிக்க எளிய வழி: கால்சியம் இல்லாத கிரெப்ஸ், ஈஜிடிஏ 0.5 மில்லிமோலார், பிறகு தாப்சிகார்ஜின் 1 மைக்ரோமோலார். செர்கா நின்றதும் கிடங்கு கசிந்து சைட்டோபிளாசத்தில் ஒரு மேடு எழும்பும். மேட்டின் பரப்பு கிடங்கின் அளவைக் குறிக்கிறது என்பதுதான் வாதம். பால்மிட்டேட் தட்டில் அது சிறுத்திருக்கும். ஆனால் மேடு சிறுத்ததற்கு வெளிச்சவ்வின் பம்ப் வேகமாக இறைத்ததும் காரணமாகலாம், கசிவு மெதுவானதும் காரணமாகலாம். எனவே எண்டோபிளாச வலைக்குள்ளேயே அமரும் டி4இஆர் போன்ற மரபணு உணரியால் ஒருமுறையாவது உறுதி செய்யுங்கள். கால்சியத்தை இறுகப் பிடிக்கும் உணரிகள் அங்கே எப்போதும் நிறைந்தே கிடக்கும், வடிந்தாலும் காட்டாது. தளர்வாகப் பிடிப்பதுதான் வேண்டும். அதே தட்டில் 2.5 மில்லிமோலார் கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் கிடங்கு வடிந்ததும் திறக்கும் ஸ்டிம்1, ஓராய்1 வழியான நுழைவு தெரியும். அப்போது நிஃபெடிபினும் டயாசாக்சைடும் இருக்க வேண்டும், இல்லையேல் மின்னழுத்தச் சேனல் வழியே வருவதும் கணக்கில் கலந்துவிடும்.

பாஸ்போலைப்பேஸைத் தடுக்க யூ73122 போட்டு "ஜிக்யூ வழிதான்" என்று முடிப்பவர்கள் ஏராளம். அந்தச் சேர்மம் செர்காவையே தடுக்கக்கூடியது. கால்சியப் பரிசோதனையில் அது சாட்சியும் ஆகாது, நீதிபதியும் ஆகாது. ஜிக்யூவை நேரடியாகத் தடுக்கும் ஒய்எம்-254890 நல்லது.

மறைந்திருக்கும் இன்னொரு பொறி பிஎச். கொழுப்பு அமிலம் புரோட்டான் ஏறிய வடிவில் சவ்வைப் புரண்டு கடந்து, உள்ளே போனதும் அந்தப் புரோட்டானை விட்டுவிடுகிறது. பீட்டா செல் வகைச் செல்களில் இந்த அமிலத்தன்மைச் சரிவை 1990-களிலேயே அளந்துவிட்டார்கள். ஜிகேம்ப் போன்ற ஒளிப்புரத உணரிகள் பிஎச் இறங்கினால் மங்கும். ஓலியேட் விட்ட முதல் நிமிடத்தில் ஒளி சரிந்தால் கால்சியம் குறைந்தது என்று எழுதுமுன், கால்சியத்தைப் பிடிக்காத அதே நிற ஒளிப்புரதத்தில் ஒருமுறை செய்து பாருங்கள்.

சுரப்பு வரவில்லை, கால்சியமும் மந்தம் என்றால் எங்கே அறுந்தது என்று தேட, டயாசாக்சைடு 0.25 மில்லிமோலாரும் பொட்டாசியம் குளோரைடு 30 மில்லிமோலாரும் போதும். கேஏடிபி சேனல் திறந்தே நிற்கும், மின்னழுத்தத்தைப் பொட்டாசியம் தூக்கிவிடும், குளுக்கோஸ் எரிப்பின் தூண்டுதல் பங்கு விலகிவிடும். அப்போதும் கால்சியம் மந்தம் என்றால் சேனல் பக்கம் பாருங்கள். கால்சியம் நன்றாக வந்து இன்சுலின் மட்டும் வரவில்லை என்றால், ரோர்ஸ்மன் குழு சொன்ன விலகலும் துகள் வெடிக்கும் இயந்திரமும் சந்தேகப் பட்டியலில் முதலில் வரும். இரண்டும் சரி, குளுக்கோஸில் மட்டும் மந்தம் என்றால் ஏடிபி பக்கம்.

தமிழ்நாட்டு வாசகர்களிடமிருந்து நிச்சயம் வரும் கேள்வி ஒன்று: ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய 40 சதவீதம் பால்மிட்டிக் அமிலம்தானே, அப்படியானால் இதெல்லாம் நம் கணையத்திலும் நடக்கிறதா? தட்டில் நடப்பதை அப்படியே வயிற்றுக்கு மாற்ற முடியாது. சாப்பிட்ட எண்ணெய் தனிப் பால்மிட்டேட்டாகக் கணையத்தை எட்டுவதில்லை. குடலும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் கலந்து கட்டிய பிறகு ரத்தத்தில் ஓடுவது கலவை, அதில் ஓலியேட்டின் பங்கு பால்மிட்டேட்டுக்குக் குறைந்ததல்ல. ஆல்புமின் விகிதமும் ஒன்றை ஒட்டியே. சமையல் எண்ணெய் பற்றிய முடிவுகளுக்கு மனிதர்களில் நடந்த உணவு ஆய்வுகளைப் பாருங்கள், இன்ஸ்-1 பீட்டா செல் தட்டை அல்ல.

மீட்சி ஆய்வு செய்பவர்களுக்கு: மூன்று நாள் பால்மிட்டேட்டை வெறும் பஃபரால் இரண்டு முறை கழுவினால் போய்விடாது. சவ்வில் தங்கியது அப்படியே இருக்கும். கொழுப்பு நீக்கிய 1 சதவீத ஆல்புமினோடு 37 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள், கன்ட்ரோல் தட்டையும் அதே போல. பெர்ஃப்யூஷன் வைத்திருந்தால் சிலிக்கோன் குழாயை டெஃப்ளான் குழாயாக மாற்றுங்கள். சிலிக்கோன் கொழுப்பு அமிலத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, அடுத்த தட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும்.